ரோட்டுக்கு அந்தப் பக்கம்

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி ஆனால் வேன் அக்கா மொட்டை மாடியில் இருப்பாள். கையில் போன், காதில் ஒயர். கால் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர், கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டி என்று போய்வந்துகொண்டே இருக்கும். எங்கேயோ உட்கார்ந்திருந்த மனநல ஆலோசகரின் திரையில் அவள் முகம் பாதியும் வானம் பாதியுமாகத் தெரியும்.

"கொஞ்சம் உக்காந்து பேசலாமா? படம் ஆடி ஆடி எனக்கே தலை சுத்துது" என்றார் ஆலோசகர் முதல் நாளே.

"உக்காந்தா பேச்சு வராது மேடம்."

"அப்ப நடங்க. பேச்சு வரட்டும்."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் இரண்டாவது வாரமும் லிங்கை அழுத்தினாள்.

வேன் அக்கா என்பது பிள்ளைகள் வைத்த பேர். ஒன்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. வேன் எரிந்து எலும்புக்கூடாகி நாலு மாசம் ஆகியும் பேர் மட்டும் அவளை விடவில்லை.

ஒரு நாள் காலை, பதினாலு பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்தபோது கியருக்குக் கீழேயிருந்து புகை வந்தது. நிறுத்துவதற்குள் நெருப்பே வந்துவிட்டது. பிள்ளைகள் ஏறி இறங்கும் பக்கக் கதவு சிக்கிக்கொண்டது. பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அவள் அதைத் திறந்து, பதினாலு பேரையும் ஒவ்வொருவராக இழுத்து வெளியே போட்டாள். கடைசியாக வந்த பெண்ணுக்கு மட்டும் முழங்கையில் தீக்காயம். அந்த வழியாக வந்த யாரோ ஒருத்தர் போனில் படம் எடுத்தார். அவள் பிள்ளைகளை இழுத்துப் போடுவதை ஊரே பார்த்தது. பள்ளியில் மேடை போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மாமியார் அதைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினாள்.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. அப்புறம் இவளுக்கு என்ன கேடு என்றுதான் பலரும் நினைத்தார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

கேடு ஒரு மாசம் கழித்து வந்தது. இல்லாத புகை மூக்கில் ஏறியது. வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் பிடுங்கி வைத்தாள். பிரிட்ஜையும் விடவில்லை, மூன்று தடவை பால் கெட்டது. தூங்கினால் கண்ணாடியில் கை தட்டும் சத்தம் கேட்டது. மூன்றரை மணிக்குப் பள்ளி வேன்கள் திரும்பும் நேரம் தெருவில் இருந்தால், அவசரமாகச் சந்துக்குள் நுழைந்துகொள்வாள். ஒரு மத்தியானம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வீட்டுக் கதவுகளில் இருந்த தாழ்ப்பாள் அத்தனையையும் கழற்றினாள். குளியலறைத் தாழ்ப்பாளும் போயிற்று.

அதிலிருந்து மாமியார் குளிக்கும்போதெல்லாம் பாட ஆரம்பித்தாள், உள்ளே ஆள் இருப்பது தெரியவேண்டுமே என்று. சுருதிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தப் பாட்டைக் கேட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்கள்.

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிடையரானவள். ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தே பழகிய காது. அடுத்த அறையில் பாத்திரம் நகர்ந்தால் எந்தப் பாத்திரம் என்று சொல்வாள். புருஷனோ அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன், சத்தத்திலேயே வாழ்ந்து பாதிக் காது போனவன். அவன்தான் மனைவியின் நிலைமையைப் பார்த்துப் பள்ளி நிர்வாகத்திடம் பேசி, இந்த ஆன்லைன் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தான். வீட்டுக்குள் பேசினால் அத்தை காதில் விழும். கதவைச் சாத்தலாம் என்றால் தாழ்ப்பாள் இல்லை. அதனால்தான் மொட்டை மாடி.

ஆலோசகருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடி, பின்னால் வெள்ளைச் சுவர். அவருடைய பக்கத்து வீட்டில் யாரோ எப்போதும் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க சுவர்ல இன்னும் இடம் மிச்சம் இருக்கா மேடம்?" என்று வேன் அக்கா ஒருநாள் கேட்டாள்.

"எனக்கும் அதான் புரியல" என்றார் அவர்.

மூன்றாவது வாரம் அவர் ஒரு வேலை சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடக்கிற மாதிரி ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். அதைப் போனில் பதிவு செய்து, தினமும் ஒரு தடவை கேட்க வேண்டும்.

"ஆறிட்டு வர்ற புண்ணைக் கிளறச் சொல்றீங்களே."

"ஆறியிருந்தா நீங்க தாழ்ப்பாளையெல்லாம் கழட்டியிருக்க மாட்டீங்களே."

சொன்னாள். மூன்று வாரம் மூன்று தடவை சொன்னாள். புகை வருது, நிறுத்தறேன், பக்கக் கதவு சிக்கிக்குது, பின்கதவைத் திறக்கறேன், பிள்ளைங்களை இழுக்கறேன். வரி மாறாமல் ஒப்பித்தாள்.

மூன்றாவது தடவை முடிந்ததும் ஆலோசகர் கேட்டார். "ஒரு சின்ன விஷயம். சீட்டுலேருந்து திரும்பிப் பக்கக் கதவை இழுக்கறீங்க, வரல. அடுத்த வரியில பின்கதவுகிட்ட நிக்கறீங்க. நடுவுல என்ன நடக்குது?"

வேன் அக்காவின் கால் நின்றது.

"ஹலோ... மேடம்? சத்தம் விட்டு விட்டு வருது. சிக்னல் இல்ல போல..."

சிக்னல் நாலு கோடும் முழுசாக இருந்தது. அவள் அழைப்பைத் துண்டித்துப் போனை அணைத்துவிட்டு, துணிக்கொடிக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். புருஷன் வந்து நின்றான். கை முழுக்க அச்சு மை, மூச்சு வாங்கியது. முதல் நாளே ஆலோசகர் அவன் நம்பரை வாங்கி வைத்திருந்தார். நான் ஒரு ஊர்ல, நீங்க ஒரு ஊர்ல, திடீர்னு லைன் போனா உங்களை யார் வந்து பாப்பாங்கன்னு எனக்குத் தெரியணும் என்று சொல்லித்தான் வாங்கினார். வேன் அக்கா அதை மறந்தே போயிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சிக்னல் இல்ல."

அவன் கைப்பிடிச் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "மெஷினை ஓட விட்டுட்டே வந்துட்டேன்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அந்தம்மா கூப்பிட்டுச் சொன்னதும் நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்."

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. படியிறங்கும்போது அவன் பிடித்த சுவரெல்லாம் கறுப்பு விரல்கள்.

அடுத்த இரண்டு செவ்வாயும் அவள் மாடிக்குப் போகவில்லை. வீட்டுக்குள் கூண்டுக்குள் அடைபட்டது போலச் சுற்றினாள். அடுக்கின அலமாரியைக் கலைத்து அடுக்கினாள். போன் அடிக்கும்போதெல்லாம் யார் என்று பார்க்காமலே கவிழ்த்து வைத்தாள். ஆலோசகரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. "லிங்க் அதேதான். பதினோரு மணிக்கு நான் உள்ள இருப்பேன், நீங்க வந்தாலும் வரலைன்னாலும்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தாள். மூன்றாவது செவ்வாய் பதினொன்று இருபதுக்கு, இருக்கிறாரா பார்ப்போம் என்று லிங்கைத் தொட்டாள். அதே வெள்ளைச் சுவர், அதே ஓட்டை போடும் சத்தம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வாங்க" என்றார், அவ்வளவுதான்.

வேன் அக்கா படியேறி மாடிக்கு வந்தாள். தொட்டிக்கும் சுவருக்குமாக நாலு நடை நடந்தாள்.

"நான் ஓடிட்டேன் மேடம்."

தொட்டி வரை போய்த் திரும்பி வந்தாள்.

"பக்கக் கதவு வரல. என் பக்கத்துக் கதவைத் திறந்து குதிச்சேன். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம், டயர் கடை வரைக்கும் ஓடினேன். திரும்பிக்கூடப் பாக்கல. அங்க நின்னு என் சட்டைக் கையைத் தட்டறேன். நெருப்புப் பிடிச்சிருக்குன்னு தட்டறேன். அதுல நெருப்பே இல்ல மேடம். பிள்ளைங்க அங்க கண்ணாடியைத் தட்டுது, நான் இங்க சட்டையைத் தட்டிக்கிட்டு நிக்கறேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். அஞ்சுகூட இருக்கலாம். அப்புறம் பின்கதவுகிட்ட நிக்கறேன். எப்படி வந்தேன்னு நிஜமாவே தெரியாது. படம் எடுத்தவன் அதுலேருந்துதான் எடுத்தான். ஆனா பதினாலு பேர் பாத்தாங்க. அதுல ஒருத்தர் வாயைத் திறந்தா போதும். ஒவ்வொரு தடவை போன் அடிக்கறப்பவும், இன்னிக்கு யார் சொல்லிட்டாங்களோன்னு..."

திரையில் முகம் அசையாமல் இருந்தது.

"மேடம்? போயிட்டீங்களா?"

"இருக்கேன். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." அவர் குரல் தணிந்திருந்தது. பரவாயில்லை என்றோ, யாராக இருந்தாலும் அப்படித்தான் என்றோ அவர் சொல்லவில்லை. "இன்னொரு தடவை சொல்ல முடியுமா? கண்ணை மூடி, குதிக்கறதுலேருந்து. பதிவைப் போட்டுக்கங்க."

அன்று அதை மூன்று தடவை சொன்னாள். முடித்துக் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கியபோது, மாடிப்படி வாசலில் மாமியார் வாளியோடு நின்றாள். பிழிந்த துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் படியில் ஓடிக் காய்ந்தே போயிருந்தது.

"துணி காயப்போட வந்தேன்" என்றாள் மாமியார்.

"குடுங்க அத்தை."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் துணி உதறிப் போட்டார்கள்.

இரண்டு நாள் மாமியார் வாயைத் திறக்கவில்லை. கேட்டதை வெளியே விடாமலிருப்பது எக்ஸ்சேஞ்ச் காலத்துப் பழக்கம். ஆனால் குளியலறையில் பாடுவதும் நின்றுபோனது. வியாழக்கிழமை காலை பாட்டுச் சத்தம் இல்லையே என்று வேன் அக்காவின் புருஷன் கதவைத் திறந்துவிட்டான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்த வீட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அன்றைக்கே பத்து மணிக்கு மாமியார் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு மணிக்கு மேலாயிற்று, ஒன்றரை ஆயிற்று, ஆளைக் காணோம். வேன் அக்கா வாசலுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்தாள். இரண்டு மணிக்கு மாமியார் வேர்த்து விறுவிறுத்து வந்து நாற்காலியில் விழுந்தாள்.

"எங்க போனீங்க அத்தை?"

"டயர் கடைக்கு."

வேன் அக்கா அவசரமாக ஜன்னலைச் சாத்தினாள்.

"கடை வாசல்ல கேமரா இருக்குமில்ல" என்றாள் மாமியார். "நீ ரெண்டுங்கற, அஞ்சுங்கற. எத்தனை நிமிஷம்னு பாத்துட்டா ஒரு தெளிவு வருமேன்னு போனேன். முப்பது நாளைக்கு மேல தானா அழிஞ்சிடுமாம்."

"ஒட்டுக்கேட்டது பத்தாதா? இப்ப ஊர் பூரா தமுக்கடிச்சுட்டு வந்தீங்களா?"

"யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. டயர் வாங்க வந்தவ மாதிரிதான் பேச்சுக் குடுத்தேன்."

"என்ன டயர்?"

மாமியார் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அதைத்தான் அவனும் கேட்டான். என்ன வண்டின்னு. சட்டுனு வாயில வரல. சைக்கிள்னு சொன்னேன். அது லாரி டயர் கடையாமே."

கோபத்துக்கு நடுவே வேன் அக்காவுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்து தொலைத்தது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியது. மாமியார் சிரிக்கவில்லை.

"நாலு மாசமா போற வர்றவங்ககிட்டயெல்லாம் உன்னைப் பத்திப் பீத்திக்கிட்டிருந்தேன். நீ பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்திருக்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன்ல? என் பேச்சும்ல உன்னைக் குத்தியிருக்கு."

வேன் அக்காவின் சிரிப்பு நின்றது. "உங்ககிட்ட எப்படி அத்தை சொல்றது?" என்றாள். பிறகு மாமியார் எழுந்துபோய்ச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் புருஷனிடம் அவளே சொன்னாள். அவன் நல்ல காதை அவள் பக்கம் திருப்பி முழுசாகக் கேட்டான். "பின்கதவை வெளியிலேருந்துதானே திறக்கணும்? அதுக்குத்தான் நீ இறங்கியிருப்ப" என்றான்.

"இல்லங்க. திறக்கறதுக்காக இறங்கல. தப்பிச்சுப் போறதுக்காக ஓடினேன்."

"ஆனா திரும்பி வந்தியே."

"வந்தேன். ரெண்டும் நான்தான். நீங்க ஒண்ணை எடுத்துக்கிட்டு ஒண்ணை விட்டுடாதீங்க."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை மை அவள் கையிலும் ஒட்டியது.

பதிவு முப்பத்தொரு நிமிஷம் ஓடியது. தினமும் மத்தியானம் அதைக் கேட்க வேண்டும். முதல் வாரம் கேட்டுவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். இரண்டாவது வாரம் எடுக்கவில்லை, அழுதாள். மூன்றாவது வாரம், ஒன்பதாவது நிமிஷத்தில் ஆலோசகரின் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் துளைக்கும் சத்தம் பதிவாகியிருப்பதைக் கவனித்தாள். நாலாவது வாரம் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். சொந்தக் கதை சலிப்புத் தட்டும் என்று யாராவது முன்னே சொல்லியிருந்தால் அடித்திருப்பாள்.

"சலிக்குதா? நல்ல சேதி" என்றார் ஆலோசகர். "அடுத்தது பட்டியல்ல என்ன இருக்கு?"

பயப்படுகிற விஷயங்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை எழுதிய பட்டியல் அது. நின்றிருக்கும் வேன் பக்கத்தில் போவது, வேனுக்குள் உட்காருவது, இரண்டையும் புருஷனோடு போய் ஒருவழியாகச் செய்துவிட்டாள். அதற்கு அடுத்த வரியைப் படிக்காமல் தாண்டப் பார்த்தாள். முழங்கையில் தீக்காயம் பட்ட பெண்ணைப் பார்ப்பது.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயசு. வேனில் கடைசி சீட்டு. பேச ஆரம்பித்தால் பள்ளி கேட் வரும் வரை வாய் ஓயாது என்பதால் வாயாடி என்று பேர். ஒரு சனிக்கிழமை வேன் அக்கா அவர்கள் வீட்டு மூன்று மாடியையும் ஏறி, கதவைத் தட்டாமலே திரும்பி இரண்டு மாடி இறங்கி, மறுபடி ஏறினாள். கதவைத் திறந்த அம்மாக்காரி முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க, வாங்க! இவ உங்களைப் பத்தியேதான் பேசிக்கிட்டிருப்பா" என்றாள். வேன் அக்கா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

வாயாடி ஓடிவந்து முழங்கையைத் தூக்கிக் காட்டினாள். தழும்பு இளஞ்சிவப்பாக மினுங்கியது. "எங்க கிளாஸ்ல யாருக்குமே இல்ல" என்றாள் பெருமையாக. அம்மாக்காரி டீ போட உள்ளே போனாள்.

"அக்கா, நீங்க ஓடினப்ப நான் கத்தினேனே, கேட்டுச்சா?"

எத்தனை மாசமாகப் பயந்த வார்த்தை, இப்படி விளையாட்டுச் சாமான் போலக் கீழே வந்து விழுந்தது. எழுந்து நடக்கவேண்டும் போல இருந்தது. நடக்க இடமில்லாத சின்னக் கூடம்.

"என்ன கத்தின?"

"அக்கா வாங்கன்னு. ரொம்பப் பெருசா. அதனாலதான் நீங்க திரும்பி வந்தீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அம்மாவுக்குக்கூடத் தெரியும்."

அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் வாங்க வாங்க என்றாளா? அடுப்படியில் டீ கொதிக்கும் சத்தம் கேட்டது.

ஆமாம் கேட்டுச்சு என்று சொன்னால் முடிந்தது. குழந்தை முகம் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"எனக்குக் கேக்கல கண்ணு" என்றாள் வேன் அக்கா. "எனக்கு அப்ப எதுவுமே கேக்கல. ரொம்பப் பயந்துட்டேன். உங்களையெல்லாம் விட்டுட்டு ஓடினது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வாயாடி யோசித்தாள். "கேக்கலைன்னா அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"தெரியல."

"உங்களுக்கே தெரியாதா?"

"எனக்கே தெரியாது."

"சரி, அப்ப நான் கத்தினதாலன்னே வச்சுக்கலாம்" என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டு, பல் விழுந்த கதைக்குத் தாவினாள்.

அம்மாக்காரி டம்ளரைக் கையில் கொடுத்தபோது வேன் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "அவ அன்னிக்கே சொல்லிட்டா" என்றாள் மெதுவாக. "முதல் ரெண்டு நாள் உங்க மேல எனக்கு ஆத்திரம்தான். பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் இவ இங்க குதிச்சுக்கிட்டுத் திரியறதைப் பாக்கறப்ப ஆத்திரத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. டீ ஆறுது, குடிங்க."

குடித்தாள். சர்க்கரை அதிகம். முழுசாகக் குடித்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. இன்னமும் சில நாள் மூக்கில் புகை ஏறும். தாழ்ப்பாள்களில் குளியலறையுடையதை மட்டும் அவளே திரும்பப் பொருத்தினாள், மாமியாரின் மானத்தையும் பக்கத்து வீட்டார் காதையும் உத்தேசித்து. மற்றவை டப்பாவுக்குள்தான். ஸ்டியரிங்கைப் பிடிக்க இன்னும் மனசு வரவில்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டு, புது பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளாக வரட்டுமா என்று கேட்டாள். ரோட்டைத் தாண்டி ஓடியதையும் தலைமையாசிரியரிடம் அவளே சொன்னாள். அவர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பத்து நாள் கழித்து வரச்சொன்னார்கள்.

முதல் நாள் பஸ் கிளம்பும் முன் அவசரக் கதவை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தாள். தீயணைக்கும் சிலிண்டரை எடுத்துத் தேதி பார்த்தாள். முப்பது பிள்ளைகளும் ஏறி, பஸ் நகர்ந்ததும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூச்சை எண்ணி எண்ணி விட்டாள்.

புது டிரைவர் நிதானத்துக்குப் பேர் போனவர். வளைவு வருமுன்னே பிரேக்கைத் தொட்டார். காலி ரோட்டில் ஹாரன் அடித்தார். இரண்டாவது கியரை விட்டு மேலே போக மனசில்லாமல் எஞ்சின் முனகியது. வேன் அக்கா முதலில் சகித்துக்கொண்டாள். ஒரு சைக்கிள்காரர் பஸ்ஸைத் தாண்டிப் போனபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, இந்த வேகத்துல போனா பிள்ளைங்க அடுத்த கிளாஸுக்குப் பாஸாகித்தான் ஸ்கூல்ல இறங்கும்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. டிரைவர் கண்ணாடியில் முறைத்தார். "வண்டி ஓட்டறது நானா, நீங்களா?"

"நீங்கதான். அதான் சொல்றேன், மூணாவதைப் போடுங்க. எஞ்சின் அழுவுது, கேக்கலையா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவதைப் போட்டார்.